நெவில் கணக்கில் சேர்க்காத மீன்

என் தம்பி நெவில் பிடித்ததிலேயே பெரிய பார்பெல் மீன் எது என்று ட்ரெண்ட் ஆற்றின் இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும், பதினான்கு பவுண்டு இரண்டு அவுன்ஸ் என்பார்கள். அவனைக் கேட்டால் பதினொன்று நான்கு என்பான். அந்தப் பெரிய மீனைத் தராசில் மாட்டியபோது முள் எங்கே நின்றது என்று பார்த்தவள் நான் ஒருத்திதான். பதினான்கு இரண்டில் நின்றது. ஆனாலும் அவன் சொல்வதே சரி என்று நினைக்கிறேன். என் தம்பி எப்படிப்பட்டவன் என்று சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நான் மேவிஸ், அவனுக்கு மூத்தவள். பதினைந்து வயதில் பள்ளியை விட்டுக் காலுறை ஆலைக்குப் போனேன். விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு காலுறையாக விரித்து, இழை விட்டிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. நெவில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனான். பாறையைத் துளைக்கிற இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் சுரங்கம் மூடுகிறவரை அவனுக்கு வேலை.

நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது ட்ரெண்டில் கை நனைத்தால் அம்மா சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வாள். அப்புறம் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, தண்ணீர் தெளிந்தது. எங்கிருந்தோ பார்பெல் வந்தது. நீளமான உடம்பு, வெண்கல நிறம், வாயோரத்தில் நான்கு மீசை. ஆற்றின் அடியிலேயே, வேகமான நீரில், கூழாங்கற்களை மோந்துகொண்டு கிடக்கும்.

நெவில் முதல் பார்பெலைத் தற்செயலாகத்தான் பிடித்தான். சின்ன மீனுக்காக மெல்லிய தூண்டில் நரம்பு போட்டுவிட்டு, பன்னைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தானாம். தாங்கியில் வைத்திருந்த தூண்டில் கம்பு அப்படியே ஆற்றுக்குள் போயிற்று. கரையில் குப்புற விழுந்து கம்பின் அடிக்கட்டையைப் பிடித்தானாம். சொட்டச் சொட்ட என் வீட்டுக்கு வந்து, துடைப்பத்தின் ஒரு முனையை என் கையில் கொடுத்தான். "கெட்டியாப் புடிச்சுக்க, அது எப்படி இழுத்துச்சுன்னு காட்டறேன்" என்றான். அடுப்பங்கரைக் கதவிலிருந்து கரித்தொட்டிவரை என்னை இழுத்துக்கொண்டு போனான். அன்றைய மீன் ஆறு பவுண்டுக்குச் சற்று மேலே.

அதற்கப்புறம் அவனுக்கு வேறு மீன் கண்ணில் படவில்லை. ஏழரை பிடித்தான், ஒன்பது பிடித்தான். பத்தைத் தாண்டுவதுதான் இங்கே எல்லோருக்கும் கனவு. சிலர் வாழ்நாள் முழுக்க ஒன்பதே முக்காலில் நின்றுவிடுவார்கள். நெவில் தாண்டியது ஒரு குளிர்கால வெள்ளத்தில். ஆறு காப்பி நிறத்தில் ஓடியது, மரங்கள் மிதந்து போயின. புத்தியுள்ளவர்கள் வீட்டில் இருந்தார்கள். நெவிலும் அவன் சுரங்கத்துத் தோழர் கிளிஃபும் மட்டும் போனார்கள். எல்லோரும் ஆற்றுக்கு நடுவே வீசுகிற இடத்தில் இவன் காலடியில், கரையை ஒட்டித் தண்ணீர் தேங்கி நின்ற மூலையில் தூண்டில் முள்ளை இறக்கினான். வெள்ளத்தில் மீனும் களைப்பாற இடம் தேடும் என்பது அவன் எண்ணம். பதினொன்று நான்கு. எடை போட்டவர் கிளிஃப். எடை போட்டுவிட்டு, "நாளைலேருந்து உங்கூடப் பேசமாட்டேன்டா" என்றாராம். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவன் கதவைத் தட்டினார்.

பார்பெலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே யாரும் அதைத் தின்பதில்லை, எடை போட்டுவிட்டு ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். மற்ற மீன்கள் போராடும்போது கொஞ்சம் பலத்தை மிச்சம் வைத்துக்கொள்ளும். இது எதையும் வைத்துக்கொள்ளாது. வலைக்கு வரும்போது முழுதும் காலியாகிவிட்டிருக்கும். அப்படியே விட்டால் மல்லாந்து செத்துப்போகும். அதனால் தண்ணீரில் இறங்கி, நீரோட்டத்துக்கு எதிராக அதன் தலையை நிறுத்தி, இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். வெயில் காலத்தில் அரை மணிகூட ஆகலாம். யார் பிடித்தார்களோ அவர்களேதான் நிற்க வேண்டும். தன் மீனை இன்னொருவர் கையில் கொடுக்கிறவனுக்கு இந்தக் கரையில் மதிப்பில்லை.

எப்போது விடுவது என்று மீனே சொல்லும் என்பான் நெவில். முதலில் ஈரத்துணி மாதிரிக் கிடக்குமாம். பிறகு தோளுக்குப் பின்னால் ஒரு நடுக்கம். பிறகு உடம்பு இறுகும். கடைசியில் கையைத் தள்ளிக்கொண்டு அதுவாகப் போகும். எல்லாம் விரலில்தான் தெரியும்.

சுரங்கம் மூடியபின் அந்த விரல்கள்தான் கெட்டுப்போயின. முதலில் குளிரில் மட்டும் மெழுகுபோல வெளுத்தன. அப்புறம் வெயிலிலும் மரத்துப்போயின. துளைக்கிற இயந்திரத்தின் அதிர்வு நரம்புகளைத் தின்றுவிட்டது, இனித் திரும்பாது என்றார் மருத்துவர். சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட ஆரம்பித்தேன். தூண்டில் முள்ளைக் கட்ட முடியவில்லை என்றான், ஆற்றுக்குக் கூடப் போய் முள்ளும் கட்டினேன். ஆலையில் பழகிய கை, முடிச்சு பிசகாது. தராசும் என் பொறுப்பாயிற்று. மீனை வைத்துத் தூக்குகிற பையை முதலில் ஆற்றில் நனைத்து, ஈரத்தோடு தராசில் மாட்டி, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் மீனை வைக்கவிடுவேன். உலர்ந்த பையில் பூஜ்யம் வைத்தால் தண்ணீரின் எடையும் மீனின் பேரில் சேர்ந்துவிடும். பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

மீன் இரையைத் தொடுகிறதா என்று தூண்டில் நரம்பை விரலில் பிடித்துப் பார்ப்பது அவன் வழக்கம். விரல் போனதும் நரம்பைக் கீழுதட்டில் வைத்துக்கொண்டான். கிளிஃப் அதைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டதும் பல் இடுக்கைச் சுத்தம் செய்கிறாயா என்று கேட்டார். நெவில் பதில் சொல்லவில்லை. வாயில் நரம்பு இருந்தது. அன்று கிளிஃபைவிட இரண்டு மீன் கூடப் பிடித்தான்.

ஆனால் மீனை விடுவதற்கு உதட்டால் என்ன செய்ய முடியும்? இதை நான் அப்போது யோசிக்கவில்லை. அவன் யோசித்திருக்கிறான். செவுள் அசைவதைப் பார்த்து, மனசுக்குள் ஒரு நேரம் வைத்துக்கொண்டு, குத்துமதிப்பாக விட்டுவந்திருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஆகஸ்டில் மழையே இல்லை. ஆறு இளைத்து, வெதுவெதுப்பாகிவிட்டது. தடுப்பணைக்குக் கீழே, மாலை வெயிலில், நெவிலின் உதட்டிலிருந்து நரம்பு பிடுங்கிக்கொண்டு போயிற்று. அவ்வளவு நேரம் ஒரு மீன் போராடி நான் பார்த்ததில்லை. இரண்டு முறை கரைவரை வந்து, வலையைக் கண்டதும் திரும்ப ஆற்றின் நடுவுக்கே போயிற்று. கடைசியில் வலைக்குள் வந்தபோது எனக்கே வலையை அசைக்க முடியவில்லை. தண்ணீரிலேயே வலையில் ஓய்வெடுக்கவிட்டு, பையை நனைத்து, பூஜ்யம் வைத்து, எடை போட்டேன். எடையைச் சொன்னதும் நெவில் என் முகத்தைப் பார்த்தான். தராசைத் திரும்பப் பார்த்தேன். பதினான்கு இரண்டுதான். மீன்பிடிச் சங்கத்தின் சாதனைப் பலகையில் இருந்த பெரிய எடை கிளிஃபுடையது, பதின்மூன்று ஒன்பது.

அவன் சிரிக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மீனோடு தண்ணீரில் இறங்கினான். முழங்காலிட்டு வெகுநேரம் இருந்தான். நான் கரையில் நின்றேன். அதுவரை நான் உயிருள்ள மீனைத் தொட்டதே இல்லை. தொடச் சொல்லி அவன் கேட்டதும் இல்லை. செவுள் நன்றாக அசைந்தது. வால் ஒருமுறை வீசியது. அவன் கையை எடுத்தான்.

மீன் நேராகப் போயிற்று. நான்கைந்து கஜம் போயிருக்கும். பக்கவாட்டில் சாய்ந்தது. பிறகு வெள்ளை வயிறு மேலே வந்தது.

நெவில் மார்பளவு நீருக்குள் பாய்ந்துவிட்டான். நான் கத்தினேன். அந்த வெள்ளை வயிறு வேகமான நீரில் ஏறி, ஒருமுறை சுழன்று, வளைவைத் தாண்டிப் போயிற்று. இருட்டும்வரை இரண்டு பேரும் கரையோரம் நாணலை விலக்கிப் பார்த்துக்கொண்டே நடந்தோம். கிடைக்கவில்லை. வீட்டு வாசலில், "கை ஒண்ணுமே சொல்லலக்கா" என்றான். "வால் அடிச்சுதே, போதும்னு நெனச்சுட்டேன்."

அடுத்த சங்கக் கூட்டத்தில் நான் எடையைச் சொன்னேன். மதுக்கடையின் பின்னறையில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கிளிஃப்தான் முதலில் பேசினார்.

"மேவிஸ் பாத்திருக்காங்க. அவங்க பாத்தா அதுக்கு மேல சாட்சி வேணாம். எம் பேரை எடுத்துட்டு இவன் பேரைப் போடுங்க."

"போடாதீங்க" என்றான் நெவில். "அது நீந்திப் போகல."

"கொஞ்ச தூரம் போச்சுன்னு நீதானடா சொன்னே."

"மல்லாந்து போச்சு, கிளிஃப். நான் கொன்னுட்டேன். செத்த மீனுக்குப் பலகையில பேரு எதுக்கு?"

கீழே போய்த் தெளிந்திருக்கும், அப்படி எத்தனையோ மீன் பிழைத்திருக்கிறது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பிழைத்திருக்கலாம். இன்றுவரை எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. தெரியாததைத் தன் பேரில் ஏற்றிக்கொள்ள அவன் ஒப்பவில்லை. பலகை அப்படியே இருந்தது. மறுநாள் தூண்டில்களைப் பரணில் ஏற்றிவிட்டான். எதையும் உணராத கையை வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகத் தனக்கு உரிமை இல்லை என்றான். நான் வாதாடவில்லை. அவன் வாதாடித் திரும்புகிற ஆள் இல்லை. செப்டம்பர் முழுக்க என் அடுப்பங்கரையில் உட்கார்ந்து தேநீர் குடித்தான். காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாத மனுஷனாக அவனை அப்போதுதான் பார்த்தேன். சுரங்கம் மூடியபோதுகூட அவன் அப்படி இருந்ததில்லை.

அக்டோபரில் மழை வந்து ஆறு ஏறியது. ஒரு சனிக்கிழமை கிளிஃப் வந்து, நெவிலைப் பார்க்காமல் என்னிடம் பேசினார். தனக்குக் கண் மங்கிவிட்டதாம், முள் கட்ட ஆள் வேண்டுமாம், நெவில் என்னைக் கொஞ்சம் கடன் கொடுக்க வேண்டுமாம். நெவில் சும்மா கூட வந்தான், கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு.

மதியத்துக்குள் கிளிஃபுக்கு ஒரு பார்பெல் மாட்டியது. எட்டு பவுண்டு இருக்கும். கரையில் வேறு நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற குரலில் கிளிஃப் சொன்னார்: "என் முழங்கால் போயிடுச்சு, மேவிஸக்கா. நீங்க எறங்கிப் புடிங்க."

அதற்கு முந்தின வாரம்தான் அவர் மகள் கல்யாணத்தில் இசைக்காரர்கள் வீட்டுக்குக் கிளம்புகிறவரை ஆடினார். அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தன் மீனைத் தானே வலிய இன்னொருவர் கையில் கொடுத்தவரை அந்தக் கரையில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இறங்கினேன். காலணிக்குள் தண்ணீர் புகுந்தது. மீனைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். பின்னாலிருந்து நெவிலின் குரல் வந்தது, மீசைப் பக்கம் போகாதே, தோளுக்குக் கீழே கை வை என்று. அவனால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த மீன் அதுவாக என் கையைத் தள்ளிக்கொண்டு போயிற்று. கிளிஃப் அவனைப் பார்த்து, "அவங்க விட்டாங்க, மீன் என்னுதுதான். எனக்கு எங்கடா கொறஞ்சுபோச்சு?" என்றார். நெவில் எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தான்.

இரண்டு வாரம் போயிற்று. ஒரு காலை பரணிலிருந்து தூண்டில்களை இறக்கிக்கொண்டு என் வாசலில் நின்றான். "பெரிய பூட்ஸ் எடுத்துக்கக்கா" என்று மட்டும் சொன்னான்.

அவனுக்கு அன்று ஏழு பவுண்டு மீன் ஒன்று வந்தது. எடை போட்ட பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றான். பிறகு என்னிடம் நீட்டினான். நான் இடுப்பளவு நீரில் நின்றேன். அவன் கரையில் மண்டியிட்டு என் தோளுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டான்.

"என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. துணி மாதிரி கெடக்கு."

"இருக்கட்டும்."

குளிர் எலும்பில் ஏறியது. என் விரல்களும் மரத்துவிடுமோ என்று பயந்து ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துக்கொண்டேன். மீனின் தோளுக்குப் பின்னால் மெல்லிய நடுக்கம் ஓடியது. சொன்னேன். வால் பலமாக வீசியது. அதையும் சொன்னேன்.

"வாலை நம்பாத" என்றான். "வாலைப் பாத்துத்தான் ஏமாந்தேன்."

விடவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று மீனின் உடம்பு முழுவதும் கட்டைபோல இறுகியது. அவனிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் என் கைகளை அகற்றிவிட்டு ஆழத்துக்குள் இறங்கிப் போயிற்று.

இரண்டு பேரும் கீழே வளைவுவரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஓர் இலை வெளிறிப் புரண்டு வந்தபோது அவன் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. அது இலைதான். வேறெதுவும் மேலே வரவில்லை.

"போயிடுச்சு" என்றான்.

கரையேற எனக்குக் கை நீட்டினான். அவன் பிடிக்கு வலு எவ்வளவு என்று அவனுக்கே தெரியாது. அதனால் நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.