பேன் தின்னும் மீன்களும் என் கையெழுத்தும்

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் கைநாட்டு. ஆகவே எதில் கையெழுத்துப் போடுகிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

மீன்வளம் படித்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். எங்கோ குளிர்நாட்டுக் கடலில் வலைக்கூண்டுக்குள் சால்மன் மீன் வளர்க்கிறார்கள். அதன் தோலில் பேன் பற்றிக்கொள்ளும். மருந்தடித்தால் கெட்ட பெயர் என்று, பேனைக் கொத்தித் தின்னும் சிறு மீன்களைக் கடலில் பிடித்துவந்து கூண்டில் விடுகிறார்கள். கருங்கல் என்ற எங்கள் ஊரில், வீட்டிலிருந்தே கூண்டின் வீடியோவைப் பார்த்து, அந்தச் சிறு மீன்களின் நலம் பற்றி அறிக்கை எழுதுவது என் வேலை.

“மீனுக்குப் பேன் பாக்க மீனு, அந்த மீனப் பாக்க நீயா?” என்றாள் அம்மா. “ஏட்டி, இதுக்கா ஒன்ன காலேஜுக்கு அனுப்பினோம்?”

சிறு மீன்களுக்கு ஒளிய இடமில்லை, தீனியும் இல்லை. மெலிந்து மெலிந்து செத்தன. மேலாளரிடம் போனில் சொன்னேன்.

“தீனி போட்டா பேனை எவன் தின்னுவான்? பட்டினி கிடந்தாத்தான் வேலை நடக்கும் மேடம்,” என்றார். “அப்புறம், ‘செத்தது’ன்னு எழுதாதீங்க. ‘பணி நிறைவு’ன்னு போடுங்க. கடலுக்குக் கேடில்லாத வளர்ப்புன்னு சான்றிதழ் வாங்கணும். உங்க வேலை நிரந்தரமாகுறதும் இதுலதான் இருக்கு.”

மாலையும் பொன்னாடையும்தான் பாக்கி.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா சிரித்தாள். எலி பிடிக்கட்டும் என்று அவளும் அப்போதுதான் எங்கள் பூனைக்குச் சோற்றை நிறுத்தியிருந்தாள். அது எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுச் சட்டியிலிருந்து சாளை மீனைத் தூக்கியது. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

“ஒங்க சாருக்கும் எனக்க புத்திதான் மக்கா. அங்க சட்டியும் இல்ல, சாளையும் இல்ல. அதுவ எதக் கடிக்கும்?”

அடுத்த வார வீடியோவில் பதில் இருந்தது. பசித்த சிறு மீன் ஒன்று, பேனை விட்டுவிட்டுச் சால்மனின் கண்ணைக் கொத்தியது.

நான் எழுதினேன்: ‘பட்டினியால் செத்தன. மிச்சமிருப்பவற்றுக்குத் தீனி போடுங்கள், ஒளிந்துகொள்ளச் செயற்கைப் பாசி கட்டுங்கள். முடியாதென்றால் கடலிலிருந்து புதிதாகப் பிடித்து வராதீர்கள்.’ கீழே கையெழுத்திட்டேன்.

“ஒரே ஒரு சொல்லை மாத்துங்க மேடம்,” என்றார் மேலாளர்.

“நீங்களே மாத்தி, நீங்களே கையெழுத்துப் போடுங்க சார்.”

அவர் போடவில்லை. அவருக்கும் தன் கையெழுத்தின் மேல் அக்கறை உண்டு போலிருக்கிறது. அறிக்கை நான் எழுதியபடியே சான்றிதழ் கொடுப்பவர்களிடம் போனது.

என் வேலை இன்னும் தற்காலிகம்தான். பூனையின் சோறு மட்டும் நிரந்தரமாகிவிட்டது.