தொட்டி ஆட வேண்டும்

குவைத்தில் ஐந்து வருஷம் வீட்டுவேலை செய்தவள் கழுத்து நிறையச் சங்கிலியோடு வருவாள், இல்லாவிட்டால் பெரிய டீவியோடாவது வருவாள் என்று எங்கள் ஊர் ஆரையம்பதியில் ஒழுங்கையே, அந்தச் சின்னத் தெரு முழுக்கவே, பார்த்திருந்தது. நான் உடுப்புத் தோய்க்கும் மெசினோடு வந்தேன். எனக்குப் பின்னால் கப்பலில் வந்து, ஒரு மாதம் கழித்து லொறியில் இறங்கிய மரப்பெட்டியை உடைத்தபோது பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

“இதென்னகா, முன்னுக்குக் கண்ணாடி வச்ச அலுமாரி?”

“உடுப்புத் தோய்க்கிற மெசின், மாமி.”

“ஏன், உனக்குக் கையில என்ன வருத்தம்?”

எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஆனால் அன்றைக்கு மாமியோடு மல்லுக்கட்ட நேரமில்லை. சமாதானப் பேச்சு தொடங்கிச் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம் அது. நிவாரண வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்களால் டவுனில் விடுதிகள் நிரம்பிக் கிடந்தன. அதில் ஒரு விடுதியை நடத்திய அக்கா ஒருத்தியிடம் கட்டில் விரிப்புகள் தோய்க்கும் வேலையை நான் கேட்டிருந்தேன். அவ முதல் மூட்டையைத் தந்து சொன்னா: “வியாழன் பின்னேரத்துக்குள்ள வெள்ளை வெளேரெண்டு வரோணும். வந்தா வேலை உனக்கு. வராட்டி நான் வேற ஆள் பாப்பன்.”

வேலை கிடைக்காவிட்டால் எனக்குத் திரும்பவும் குவைத்துதான். விசா வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை காலை ஆயத்தமாக நில் என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அவளுடைய அப்பா வேலைக்குப் போய்த் திரும்பி வராமல் போன பிறகு, இரண்டு வயதில் அவளை என் அக்காவிடம் விட்டுவிட்டுப் போனவள் நான். வந்து ஒரு மாதமாகியும் பிள்ளை என்னோடு ஒட்டவில்லை. அக்காவின் சேலைக்குப் பின்னால் நின்று என்னை எட்டி எட்டி விடுப்புப் பார்ப்பாள். போகப்போகிறவளோடு எதற்கு ஒட்டுவது என்று நினைத்தாளோ என்னவோ. இன்னொரு ஐந்து வருஷம் போனால் நான் அவளுக்குச் சொக்கலேட் அனுப்பும் யாரோ ஒரு பொம்பிளையாகிவிடுவேன்.

மெசினைக் கிணற்றடிக்குப் பக்கத்தில், பின் விறாந்தையின் சீமெந்துத் தரையில் வைத்தோம். பக்கத்தில் நின்றவர் அத்தான், அதாவது அக்காவின் புருஷன். கரண்ட் இல்லாத வருஷங்களில் சைக்கிள் டைனமோவை மிதித்து ரேடியோவைப் பாடவைத்த மனுஷன். வயல் வட்டையில் நின்றுபோன தண்ணீர்ப் பம்புகளுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். மெசினைக் கண்டதும் அவருடைய கண் பளபளத்த விதத்தைப் பார்த்து அக்கா, “கலியாணத்தண்டு என்னைக்கூட இப்பிடிப் பாக்கல்ல” என்றாள்.

பொத்தானை அமத்தினேன். வெளிச்சம் வந்தது. உள்ளே ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். அவ்வளவுதான்.

“மோட்டர் போயிட்டு,” என்றார் அத்தான்.

“மோட்டர் இல்ல அத்தான். இது தண்ணிக்கு வாய் திறந்துட்டு நிக்கிது.”

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? குவைத்தில் எனக்குப் படுக்கையே மெசின் அறையில்தான். ஐந்து வருஷம் அதன் சத்தத்தில்தான் தூங்கினேன், அதன் சத்தத்தில்தான் எழும்பினேன். எந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கும், எந்த நேரத்தில் கக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்த முனகல் தண்ணீர் கேட்கும் முனகல். அங்கே குழாய் இருந்தது. இங்கே எங்களிடம் இருந்தது கிணறும் வாளியும். மெசினுக்கு வாளியைத் தெரியாது. மேலேயிருந்து குழாயால் தண்ணீர் அழுத்தி வந்தால்தான் குடிக்கும்.

தென்னங்குற்றிகளை நட்டு, கூரைக்கு மேல் ஒரு பரலை, அதாவது தண்ணீர்ப் பீப்பாயை, ஏற்றுவது என்று முடிவாயிற்று. எங்கள் ஊரில் அந்த நாளில் உயரமாக எதைக் கட்டினாலும் முதலில் சந்தியில் இருக்கும் ஆமிச் சென்றியில், அந்தக் காவலரணில், சொல்லவேண்டும். நல்ல நேரம் பார்ப்பது அதற்குப் பிறகுதான். சொல்லாமல் கட்டினால் யாரோ வேவு பார்க்க மேடை போடுகிறார்கள் என்று நினைப்பார்கள். அத்தான் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பரல் ஏறியது. ஏணியில் வாளி வாளியாகத் தண்ணீரும் ஏறியது. புதன்கிழமை மத்தியானம் பொத்தானை அமத்தினேன். ‘சர்ர்ர்’ என்று தண்ணீர் உள்ளே இறங்கிய சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கண்ணாடிக்குள் விரிப்புகள் புரள, ஒழுங்கைச் சனம் முழுக்க விறாந்தையில் குந்திவிட்டது. மாமிகூடக் கறியை அடுப்பில் விட்டுவிட்டு வந்து பார்த்துவிட்டுத்தான் போனா.

கழுவி முடிந்தது. தண்ணீரைக் கக்கியது. சனமும் அலுத்துக் கலைந்தது. இனிப் பிழிவதுதான் பாக்கி என்று நான் கையைத் துடைத்தேன். தொட்டி வேகமெடுத்தது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? தடதடதடதடதட என்று ஒரு வெடி. மெசின் தரையில் துள்ளியது. துள்ளித் துள்ளி நடந்துபோய்ச் சுவரில் சாத்தியிருந்த தகரங்களில் மோதியது. தகரங்களும் சேர்ந்து அதிர்ந்தன. அடுத்த நொடி எங்கள் ஒழுங்கையில் நிமிர்ந்து நின்றவர் ஒருவருமில்லை. மீன்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு மணலில் குப்புறக் கிடந்தார். மாமி அகப்பையோடு குசினி மேசைக்குக் கீழே. என் அக்கா பிள்ளையை அணைத்தபடி கிணற்றுக்கட்டுக்குப் பின்னால். அத்தான் மெசினுக்குப் பக்கத்திலேயே நின்றவர், சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று கண்ணால் கண்டவர், அவரும் தரையில் படுத்துவிட்டார். எங்கள் காதுகளுக்குச் சமாதானப் பேச்சு இன்னும் போய்ச் சேரவில்லை. நான் மட்டும் நின்றேன். தைரியத்தில் அல்ல, விரிப்பு கிழிந்துவிடுமே என்ற பயத்தில். பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

சத்தம் நின்றபோது பூட்ஸ் சத்தம் கேட்டது. சென்றியிலிருந்து நாலைந்து பேர் துவக்கை நீட்டிக்கொண்டு வளவுக்குள் வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பெரியவர் உடைந்த தமிழில் கத்தினார்: “உள்ளுக்கு என்ன? திற!”

திறக்க முடியாது. கரண்டைப் பிடுங்கினாலும் அந்தக் கதவின் பூட்டு கொஞ்ச நேரம் இறுகிப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அதை விளக்கவேண்டுமே! சீருடை போட்ட ஆண் ஒருவர் அதட்டினால் என் வாயில் ஐந்து வருஷப் பழக்கத்தில் அரபுதான் வரும். “ஷ்வையா, ஷ்வையா!” என்றேன், கொஞ்சம் பொறுங்கள் என்று. பெரியவர் திகைத்தார். தமிழ் ஊரில், சத்தம் போட்ட பெட்டிக்குப் பக்கத்தில், பெட்டியைத் திறக்க மாட்டேன் என்று ஒருத்தி அரபில் சொல்கிறாள்! துவக்கு என் பக்கம் திரும்பியது. அப்போதுதான் ‘டிக்’ என்று பூட்டு விட்டது. நான் கதவைத் திறந்து ஈர விரிப்பைக் கைநிறைய இழுத்துக் காட்டினேன். சவுக்கார வாசம் அடித்தது.

பெரியவர் சிரிக்கவில்லை. “இன்னொரு தரம் இந்தச் சத்தம் வந்தா, மெசின் ஆமிக் காம்புக்குப் போகும்,” என்றார். மணலைத் தட்டிக்கொண்டு எழும்பிய ஒழுங்கைச் சனமும் அவர் பக்கம்தான். “இஞ்ச பார் புள்ள, உன்ட பெட்டியால எங்களுக்குச் சாவு வரப்பிடாது,” என்றார் மீன்காரர். அவரில் பிழையில்லை. எனக்குத்தான் அழுகை அழுகையாய் வந்தது. அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நடுங்கிய என் பிள்ளையைத் தொடக்கூட எனக்குத் துணிவில்லை.

வியாழன் விடிந்ததும் அத்தான் பின்தகட்டைக் கழற்றினார். முதலில் தொட்டியைக் கையால் சுழற்றினார். முனகாமல், உரசாமல் சுழன்றது. “பேரிங் நல்லாக் கிடக்கு,” என்றார். தொட்டியைச் சுழற்றும் பட்டியும் சரி. நாலு காலும் தரையில் சமமாய் இருக்கிறதா என்று தட்டில் தண்ணீர் வைத்துப் பார்த்தார். அதுவும் சரி. “எல்லாம் சரியெண்டா என்ன மயித்துக்குத் துள்ளுது?” என்று மெசினை ஏசினார்.

நான் முன்னால் குந்தி, கண்ணை மூடிக் குவைத்து மெசினை நினைத்தேன். பிழியும்போது வண்டு மாதிரி ஒரு ரீங்காரம். வேறு என்ன? உடுப்பை அள்ளிப் போடும்போது தொட்டியைக் கையால் அமத்துவேன். அமத்தினால் தாழும், விட்டால் மேலே வரும். கண்ணைத் திறந்து இந்தத் தொட்டியை அமத்தினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் அமத்தினேன். கல்லு!

“அத்தான்! தொட்டி ஆடுதில்ல!”

“ஆடினாத்தானே பிழை?”

“இல்ல அத்தான், ஆடோணும்! சுத்துற தொட்டி உள்ளுக்குத் தன்பாட்டில ஆடோணும். இது ஆடாதபடியா முழு மெசினும் சேந்து ஆடுது!”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பின்பக்கம் போய்க் குனிந்தார். “இஞ்ச நாலு பெரிய போல்ட் தொட்டியை உடம்போட சேத்துப் பூட்டிக் கிடக்கு,” என்றார் மெதுவாக. “தொட்டிலைச் சுவரோட கட்டிவச்ச மாதிரி.” கப்பலில் வரும்போது தொட்டி ஆடி உடையாமல் இருக்கக் கம்பனிக்காரன் பூட்டியது அது. குவைத்து வீட்டில் நான் போவதற்கு முன்பே யாரோ கழற்றியிருக்கிறார்கள். எனக்கு எங்கே தெரியும்?

“கழட்டுங்க அத்தான்!”

“கழட்டினாத் தொட்டி விழுந்துட்டெண்டா? கம்பனிக்காரன் சும்மாவா பூட்டுவான்?”

“விழுந்தா நான் குவைத்துக்குப் போறன், கழட்டுங்க!”

ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது போல்ட் வெளியே வந்ததும் தொட்டி ‘டொக்’ என்று தாழ்ந்தது. அத்தான் “ஐயோ” என்று கத்திவிட்டார். நான் கையை வைத்து அமத்தினேன். தாழ்ந்தது. விட்டேன். துள்ளி மேலே வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அத்தானின் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டேன். போல்ட்டுகள் நாலா பக்கமும் உருண்டன.

ஆனால் இந்த முறை சொல்லாமல் செய்யத் துணியவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு சென்றிக்குப் போனேன். பெரியவர் தானே வந்தார். மெசினைத் தூக்க இரண்டு பேரையும் கூட்டி வந்தார். ஒழுங்கைச் சனம் தூரத்தில், விழுந்து படுக்க வசதியான இடமாகப் பார்த்து நின்றது. நான் பொத்தானை அமத்தினேன். தொட்டி சுற்றத் தொடங்கியது, வேகமெடுத்தது, இன்னும் வேகமெடுத்தது. மாமி காதைப் பொத்தினா.

ரீங்காரம். வெறும் ரீங்காரம்! மெசின் நின்ற இடத்திலேயே நின்றது. பெரியவர் அதன் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாகப் பிழிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். “ஹொந்தாய்,” என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லது என்ற சிங்கள வார்த்தை அவ்வளவு இனிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வாவிக் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. விரிப்புகள் மளமளவென்று காய்ந்தன. பின்னேரம் விடுதி அக்கா அவற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த மூட்டையை என் கையில் தந்தா.

வெள்ளிக்கிழமை காலை என்னை ஏற்ற ஏஜென்சி வான் வந்தது. நான் வேலிப் படலையடியில் நின்று, “நான் வரல்ல,” என்று ஏஜென்சிக்காரரிடம் சொன்னேன். “மறுகா ஒரு நாளைக்கு அழுதுட்டு என்னட்டத்தான் வருவாய்,” என்று அவர் கத்தினார். கத்தட்டும். நான் சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

பின் விறாந்தையில் என் மகள் தனியாகக் குந்தியிருந்தாள். என் பயணப்பை வெறுமையாய்க் கவிழ்ந்து கிடந்தது. வேலை கிடைக்காவிட்டால் என்று நான் முன்பே அடுக்கி வைத்திருந்த உடுப்பு முழுவதையும் வாளித் தண்ணீரில் முக்கி, மெசினுக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். என் செருப்பு இரண்டும்கூட உள்ளே கிடந்தன. படலையில் நான் சொன்னது எதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது.

“என்ன புள்ள செய்யிறாய்?”

அவள் பயந்து நிமிர்ந்தாள். ஆனால் கதவைக் கையால் மறைத்துக்கொண்டாள். “எல்லாத்தையும் நனைச்சிட்டன்,” என்றாள். “ஈர உடுப்போட பிளேன்ல ஏத்த மாட்டாங்க.”

நான் அவளுக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் குந்தி, செருப்புகளை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னேன்.