தாத்தா, பேரன், ஒரே வரி

எங்கள் வீட்டில் மூத்த பையனுக்குத் தாத்தாவின் பெயர்தான். எனக்கு என் தாத்தாவின் பெயர். என் மகனுக்கு என் அப்பாவின் பெயர். இனிஷியலும் அதே கணக்கில் வந்துவிடுவதால் அப்பாவும் மகனும் காகிதத்தில் ஒரே ஆள். ஒருவருக்கு எண்பத்தொன்று, மற்றவனுக்குப் பதினேழு. இரண்டே பெயரில் வம்சத்தை ஓட்டும் இந்தச் சிக்கனத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

மலையாள தேசத்தில், கழக்கூட்டம் என்ற ஊரில் எனக்கு மென்பொருள் வேலை. போன வருஷம் ஓர் ஆஸ்பத்திரியின் பழைய நோயாளிப் பதிவுகளைப் புதிய கம்ப்யூட்டர் முறைக்கு ஏற்றித் தரும் பொறுப்பு வந்தது. பழையதில் ஒரே ஆள் மூன்று கார்டு வைத்திருப்பார். அவற்றை ஒன்றாக்க ஒரு விதி வேண்டும். பிறந்த தேதியை நம்ப முடியாது. தேதி தெரியாத கிழவர்களையெல்லாம் கவுண்டரில் ஜனவரி ஒன்றாம் தேதி பிறக்க வைத்திருந்தார்கள். ஆகவே பெயர், இனிஷியல், போன் நம்பர் மூன்றும் ஒத்தால் ஒரே ஆள், விவரம் முரண்பட்டால் புதிய கார்டில் உள்ளதே செல்லும் என்று விதி எழுதினேன். மீட்டிங்கில் எல்லோரும் பாராட்டினார்கள். நானும் ஆட்சேபிக்கவில்லை.

சோதனைக்கு அந்நியர் விவரத்தைத் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் அங்கே கார்டு உண்டு, நான்கிலும் என் போன் நம்பர்தான். அவர்களைக் கேட்டுக்கொண்டு அந்தப் பதிவுகளையே வியாழக்கிழமை மதியம் ஓட்டிப் பார்த்தேன். உள்ளே போனவர்கள் நான்கு பேர், வெளியே வந்தவர்கள் மூன்று பேர். பிளஸ் டூ படிக்கும் மகனுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்திருந்தது. புரோஸ்டேட்டுக்கு மாத்திரை வேறு. அப்பாவைக் காணோம்.

சிரித்தேன். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டும் காட்டினேன். அப்புறம்தான் அலர்ஜி என்ற கட்டம் கண்ணில் பட்டது. அப்பாவுக்குப் பென்சிலின் ஆகாது. முன்பு ஒரு தடவை ஊசி போட்டு, மூச்சு முட்டிப் பிழைத்தவர். மகனின் கார்டு புதியது. அதில் ‘இல்லை’ என்றிருந்தது. புதியதே செல்லும். ஞாயிறன்று முழுப் பதிவும் ஏறுகிறது. செவ்வாயன்று அதே ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன்.

எங்கள் டீம் லீட் என்னைவிடப் பதினைந்து வயது இளைய மலையாளப் பெண். என்னோடு தமிழில் பேசுவதாக அவருக்கு நினைப்பு.

“சாரே, இங்ஙனத்த கேஸ் எத்தர காணும்?”

“எங்க தெருவுலேயே பத்து வீடு இருக்கும்.”

“பத்தோ? அத்தரயே உள்ளூ? ஆஸ்பத்திரிக்காரர் ஒப்பு போட்டாச்சு. ரூல் மாத்தணுமெங்கில் பின்னயும் அப்ரூவல் வேணும். அடுத்த மாசம் நோக்காம். குழப்பமில்லா.”

மலையாளத்தில் அதற்குப் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். தமிழில் எடுத்துக்கொண்டாலும் சரிதான். எனக்கு எல்லாம் தெளிவாகவே இருந்தது.

“ஆ ரூல் எழுதியது ஆரா, சாரே?” என்று மட்டும் கேட்டார்.

ஆஸ்பத்திரிக்கு மெயில் அனுப்பினேன். சேர்ந்துபோன பதிவைப் பிரிக்க விண்ணப்பிக்கலாம், பத்து வேலைநாள் ஆகும் என்று பதில் வந்தது.

அப்பாவிடம் சொன்னேன்.

“என்னை அவனோட சேத்துட்டயா? அப்ப பரீட்சையை யார்டா எழுதறது?”

“ஆபரேஷனைத் தள்ளிப் போடலாம்ப்பா.”

“மூணு மாசமா வலியைப் பொறுத்துண்டு இந்தத் தேதி கிடைச்சிருக்கு. போடா.”

செவ்வாய் காலை, அப்பாவுக்குப் பென்சிலின் ஆகாது என்று வார்டு நர்ஸிடம் சொன்னேன். திரையைப் பார்த்தார்.

“இதுல அலர்ஜி ஒண்ணும் இல்லல்லோ, சாரே.”

“அது தப்பு, சிஸ்டர்.”

“சாருக்கு எங்ஙனே அறியாம்?”

“நான்தான் பண்ணினேன்.”

கவலையில் உளறும் சொந்தக்காரர்களைப் பார்க்கும் கனிவோடு என்னைப் பார்த்துவிட்டு, ஒரு காகிதத்தில் சிவப்பு மையால் எழுதி ஃபைலில் செருகினார். அப்பாவைத் தள்ளிக்கொண்டு போன அவசரத்தில் அந்த ஃபைல் கூடவே போனதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று, உள்ளே போன ஒவ்வொருவரிடமும் சொன்னேன். மயக்க டாக்டர் நிற்காமலே “ம்” என்றார். ஒரு நர்ஸ் உட்காரச் சொன்னார். தரை துடைக்க வாளியோடு வந்தவர்தான் நின்று கேட்டார்.

“ஆர்க்கா சேட்டா? பேரு பறயூ.”

பேரைச் சொன்னேன். எண்பத்தொன்று என்று வயதையும் சேர்த்துச் சொன்னேன்.