குடிக்கக் கொடுக்காதவள்

பூவரசங்குளத்தில் பிரேமிளாவைப் பெயர் சொல்லித் தேடுகிறவர்கள் குறைவு. இஞ்சிச் சோடா வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கைகாட்டும். கடையில் கிடைக்கிற சோடா அல்ல அது. துருவிய இஞ்சியையும் சீனியையும் ஒரு கண்ணாடிப் போத்தலில் தண்ணீரோடு போட்டு, வாயைத் துணியால் கட்டி, நாளாந்தம் கொஞ்சம் இஞ்சியும் கொஞ்சம் சீனியும் ஊட்டுவாள். ஊட்டுவது என்றுதான் அவளும் சொல்வாள். வன்னி வெயிலுக்கு இரண்டு மூன்று நாளில் நுரை கிளம்பிவிடும். அந்த நுரைத் தண்ணீரில் ஓர் அகப்பை எடுத்து, அவித்து ஆறவைத்த இஞ்சித் தண்ணீரில் கலந்து, தேசிக்காய் பிழிந்து, போத்தல்களில் அடைத்து வைத்தால் தானாகவே பொங்கும். மாதர் சங்கத்துக்கு வகுப்பெடுக்க வந்த ஒரு பெண் சொல்லிக்கொடுத்தது. வயிற்றுக்கு நல்லது செய்கிற கிருமி என்று அந்தப் பெண் விளக்கியபோது மற்றவர்கள் சிரித்தார்கள். பிரேமிளா மட்டும் வீட்டுக்கு வந்து செய்து பார்த்தாள். பிறகு அன்னாசித் தோலிலும் செய்யப் பழகினாள். சாப்பிட்டது செமிக்கவில்லை, வயிறு ஊதுகிறது என்கிறவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

புருசன் வினோதன் உழவு மெசின் ஓட்டினான். இருவருடைய குடும்பங்களும் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து கலவரத்தில் அடிபட்டு இறங்கி வந்தவை. சண்டை முடிந்து முகாமில் அடைபட்டிருந்தபோது, பவுசர் லொறியில் வரும் தண்ணீருக்கு நின்ற வரிசையில்தான் அவள் அவனை முதலில் கண்டாள். தன்னுடைய வாளியில் பாதியை அவளுடைய வாளியில் ஊற்றிவிட்டு, ஒரு கதையும் கதைக்காமல் போனவன். பிள்ளைகள் பிறக்கவில்லை. அதைப் பற்றியும் அவன் அதிகம் கதைக்கவில்லை.

ஒரு காலபோக நெல் விதைப்பின்போது அவனுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. பிறகு முகம். பிறகு தின்றதெல்லாம் வாந்தி. இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று வவுனியா ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கிணற்றுத் தண்ணீரா, வயலுக்கு அடித்த மருந்தா, வெயிலா, எதனால் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. கிழமைக்கு இரண்டு தரம் பஸ்ஸில் போய் மெசினில் இரத்தம் கழுவிக்கொண்டு வந்தான். அங்கிருந்த தாதி மிஸ் பிரேமிளாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னா.

"சலம் போகாத உடம்பு, தங்கச்சி. குடிக்கிறதெல்லாம் உள்ளுக்கதான் நிக்கும். நெஞ்சுக்க ஏறினால் மூச்சு விடேலாமப் போயிடும். ஒரு நாளுக்கு ஒரு சின்னப் போத்தில் தண்ணிதான் எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார். சோறு கறியில இருக்கிறதும் அதுக்குள்ளதான். அவர் கேப்பார். நீர்தான் இறுக்கிப் பிடிக்கோணும்."

அவள் இறுக்கிப் பிடித்தாள்.

அவன் கேட்டான். காலையில் கேட்டான், சாப்பிடும்போது கேட்டான், அவள் முற்றம் கூட்டும்போது பின்னால் வந்து நின்று கேட்டான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பேச்சுக் குழறும்.

"பிரேமி, ஒரு வாய்."

"காலமை குடிச்சிட்டீங்கள். பின்னேரம் தாறன்."

"விழுங்கமாட்டன். கொப்பளிச்சுத் துப்புறன்."

கொடுப்பாள். கொடுத்துவிட்டு அவனுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் தொண்டை அசைந்தது. அவள் தகரப் பேணியைப் பிடித்து இழுத்தாள். விளிம்பு பட்டு அவன் உதடு வெடித்து இரத்தம் வந்தது. அதைக் கண்டுவிட்டு அவனுடைய தாய் அழகம்மா குசினிக்குள்ளிருந்து வெளியே வந்தா.

"நாய்க்குக்கூட தொட்டியில தண்ணி வைக்கிறோம், புள்ள. எம் மவன் என்னா பாவம் பண்ணுனான்?"

"மாமி, டொக்டர்தான் சொன்னவர்."

"டாக்டரா இவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்காரு? நான்தானே பாக்குறேன்."

பிரேமிளா பேணியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அன்று பின்னேரம் அவனுக்குரிய தண்ணீரைக் கொடுத்தபோது, உதட்டில் எரிகிறது என்று அவன் சிரித்தான்.

எல்லாவற்றிலும் கொடுமை சோடாப் போத்தல்கள்தான். காலையில் ஒவ்வொரு மூடியையும் சற்றே தளர்த்திக் காற்றை வெளியே விடவேண்டும். விடாவிட்டால் போத்தல் வெடிக்கும். அந்தச் சீறல் சத்தம் அறைக்குள் கேட்கும். வினோதன் தலையணையால் காதைப் பொத்திக்கொள்வான். கடைசியில் ஒருநாள், "உனக்குக் கோடி புண்ணியம். வேற எங்கயாவது வைச்சுச் செய்" என்றான். விட்டுவிடவும் வழியில்லை. உழவு மெசின் நின்றபிறகு அந்த வீட்டில் உலை கொதித்தது சோடாவால்தான்.

பக்கத்து வளவில் இலட்சுமி அக்கா தனியாக இருந்தா. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறிய குடும்பம், புருசன் இல்லை, நல்ல மனம். அவாவின் பின்பக்கக் குசினியில் வைக்கலாமா என்று பிரேமிளா கேட்டபோது, "வையும் பிள்ளை, எனக்கும் ஆள் நடமாட்டம் இருந்த மாதிரி" என்றா. பிரேமிளா ஒன்றை மட்டும் சொல்லிவைத்தாள். "அக்கா, இவர் வந்து கேட்டால் குடுத்துப்போடாதேங்கோ."

"எனக்குத் தெரியாதே, பிள்ளை? ஒரு சொட்டும் குடுக்கமாட்டன்."

சித்திரையில் அம்மன் கோயில் பொங்கல் வந்தது. பிரேமிளா ஐஸ் பெட்டி கொண்டமட்டும் போத்தல்களை அடுக்கிக்கொண்டு, மிச்சத்தை இலட்சுமி அக்காவின் குசினியில் விட்டுவிட்டு விற்கப் போனாள். அழகம்மாவும் நேர்த்திக்குப் பொங்கப் போனா. கொதிக்கிற வெயில். போத்தல்கள் மத்தியானத்துக்குள் முடிந்துவிட, அவள் வெறும் பெட்டியோடு வந்தாள்.

வினோதன் வேம்புக்குக் கீழே கதிரையைப் போட்டு இருந்தான். முகம் தெளிந்திருந்தது. அவளைக் கண்டதும், கோயிலில் ஆர் ஆர் வந்தவை என்று விசாரித்தான். நெடுநாளாக அவன் அப்படிக் கதைத்ததில்லை.

"இண்டைக்குத் தாகமே இல்லை, பிரேமி" என்றான்.

அவள் குனிந்து அவன் முகத்துக்கு அருகே போனாள். இஞ்சி மணத்தது.

"எவ்வளவு குடிச்சனீங்கள்?"

அவன் வேலிப்பக்கம் பார்த்தான்.

"சொல்லுங்கோ. எவ்வளவு?"

"விடு. நாளைக்கு மெசின்தானே."

அவள் ஒழுங்கைக்கு ஓடினாள். பொங்கலென்று ஓட்டோக்காரர் எல்லாரும் கோயிலில் நின்றார்கள். ஒருவனைப் பிடித்துக்கொண்டு வர, வினோதன் கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நெஞ்சுக்குள் பானை கொதிக்கிறமாதிரிச் சத்தம். அவனைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள். வழியில் சிவப்பேறிய நுரை வந்தது. முந்தானையால் துடைத்தாள், திரும்ப வந்தது. குருமன்காட்டுச் சந்திக்கு வருமுன் மூச்சு நின்றுவிட்டது.

செத்தவீட்டில் அழகம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து, வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரே கதையைச் சொன்னா. "தண்ணிக்கு ஏங்கியே செத்துட்டான். வாயில வெச்ச கோப்பையப் புடுங்குனா இவ. கண்ணால பாத்தேன்." கேட்டவர்கள் பிரேமிளாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊருக்கெல்லாம் குடிக்க ஊற்றுகிறவள் கட்டினவனுக்கு ஊற்றவில்லை என்ற கதை, பெட்டி எடுக்குமுன் கிணற்றடிகளுக்குப் போய்விட்டது. இலட்சுமி அக்கா பந்தலின் ஓரத்தில் நின்றா. அவாவின் முகத்தைப் பிரேமிளா ஒரேயொரு தரம் பார்த்தாள். அவா தலையைக் குனிந்துகொண்டா.

எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்தபிறகுதான் இலட்சுமி அக்கா வந்தா. படலைக்குள் வரவில்லை, வேலியோடு நின்றா.

"நான்தான் குடுத்தது. ஒரு பேணிதான் ஊத்தினனான், பிள்ளை. பிறகு தானே எடுத்துக் குடிச்சவர். தடுக்கப் போனனான். கையெடுத்துக் கும்பிட்டவர். எனக்குப் பிடிச்சுப் பறிக்க மனம் வரேல்லை."

பிரேமிளாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். பறிக்க மனம் வராத ஆட்களாகவே சுற்றி இருந்தார்கள்; பறிக்கிற வேலையை அவள் ஒருத்தியிடம் விட்டிருந்தார்கள். அவன்மேலும் கோபம் வந்தது. இத்தனை காலம் அவளைப் பொல்லாதவளாக்கி வைத்திருந்துவிட்டு, ஒரு மத்தியானத்தில் எல்லாவற்றையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டான். இனி ஒருவருடைய தொண்டையையும் காவல் பார்க்கத் தேவையில்லை என்று மனதுக்குள் எங்கோ ஓர் ஆறுதல் இருந்தது. அதை நினைக்க அவளுக்கே கூசியது.

"நெஞ்சில வைச்சிருக்காதேங்கோ அக்கா" என்றாள் கடைசியில். "கேட்டால் ஆர்தான் குடுக்காமல் இருப்பினம்."

"கிழவிக்கு நான் வந்து சொல்லுறன். உம்மை இப்பிடித் திட்டித் திரியிறதைக் கேக்கேலாமல் கிடக்கு."

"வேண்டாம். சொல்லிப்போடாதேங்கோ."

அந்தக் கிழமையே அழகம்மா தர்மபுரத்தில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டா. சோடா வியாபாரம் படுத்தது. அந்தக் கையால் ஊற்றுவதை வாங்க ஊரில் மனமில்லை. பிரேமிளா போத்தல்களை வவுனியா பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு கடைக்குக் கொண்டுபோய்ப் போடத் தொடங்கினாள். அங்கே குடிக்கிறவர்களுக்கு அவளை ஆரென்று தெரியாது. சுவையைச் சொல்லுகிறார்கள், வெறும் போத்தலைத் தருகிறார்கள்.

ஆண்டுத் திவசத்துக்கு அழகம்மா வந்தா. காலை பஸ்ஸில் வந்து, படையலுக்கு முன்னால் இருந்து அழுதா. ஐயர் போனபிறகு பிரேமிளா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினாள். நல்ல வெயிலில் நடந்து வந்தவா, உதடு காய்ந்திருந்தது.

"வேணாம்."

"ஒரு வாய் குடியுங்கோ, மாமி."

"எம் மவனுக்குக் குடுக்காத தண்ணி எனக்கும் வேணாம், புள்ள."

சொல்லிவிடலாம் என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இலட்சுமி அக்காவைத் திட்டுவா. அதற்கும் மேலே, தன் மகன் தானே தேடிப்போய்த் தன்னைக் கொன்றுகொண்டான் என்று அறிந்துகொண்டு மிச்ச நாளையும் இருக்கவேண்டும். மருமகளைக் கோபிப்பது அதைவிடச் சுகம்.

செம்பைக் கீழே வைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. சோறாவது சாப்பிட்டுப் போங்கோ" என்றாள்.

அழகம்மா சாப்பிடவுமில்லை. பையை எடுத்துக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, வெயிலில் இறங்கி ஒழுங்கையால் நடந்தா. பிரேமிளா கொஞ்சத் தூரம் பின்னாலேயே போய், பஸ் வரும்வரை எதிர்ப்பக்க நிழலில் நின்றுவிட்டு வந்தாள்.