எல்லாப் பெயரும் பச்சையான காலை

பிள்ளைகளே, நான் மாத்தளையில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று போனில் குறிக்க, ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த என் மகள் ருஸ்னா இரண்டு ஆப் செய்தாள். முதலாவதில் கோடிங் இல்லை. திரையில் பெட்டிகளை இழுத்து வைத்து இருவரும் சேர்ந்து செய்தோம். ஒவ்வொரு பெயரையும் நானே தொட்டுக் குறிக்க வேண்டும். இரண்டாவதை, வாப்பாவுக்கு வேலை குறைய வேண்டும் என்று கேட்டு, ஏஐயைக் கொண்டு எழுதுவித்தாள். அது அழகாக இருந்ததால் அதையே எடுத்தேன்.

அன்று பாடசாலை வாசலில் வேன் நின்றதும் பதினான்கு பெயரும், இறங்கிவிட்டார்கள் என்று போனில் பச்சையாகின. வீட்டுக்கு வந்து, வேன் கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்க உட்கார்ந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

ருஸ்னா ஓடிவந்தாள். "வாப்பா, வேனுக்குள்ள யாரோ தட்டுறாங்க!"

"எல்லாரும் எறங்கிட்டாங்க புள்ள. போனைப் பாரு, எல்லாம் பச்ச."

"போனை விடுங்க வாப்பா! சாவி எங்க?"

நான் சாவியை எடுத்ததும் அவளே பிடுங்கிக்கொண்டு ஓடி வேனைத் திறந்தாள். பின் இருக்கையில் தூங்கிப்போயிருந்த முதலாம் ஆண்டுப் பிள்ளை ஹனா, வியர்வையில் நனைந்து கண்ணாடியில் சாய்ந்திருந்தாள். தண்ணீர் கொடுத்த பிறகுதான் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது.

வேன் பாடசாலையில் நின்றாலே எல்லோரும் இறங்கியதாகக் குறிக்கும்படி ஏஐ எழுதியிருந்தது. நாங்கள் அதைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. ஹனாவின் உம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன்.

இப்போது பழைய ஆப்தான். புதிதாக எந்த ஆப் செய்தாலும், முதலில் ருஸ்னா பின் இருக்கையில் படுத்துக்கொள்வாள். அவள் இறங்கவில்லை என்று அது சொல்ல வேண்டும். சொன்னாலும், கடைசி இருக்கைவரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறேன்.