பெல்ட்டுக்கு அடுத்த சைகை

வெண்டல் ஹாகன் எங்கள் கல்லூரிக்கு முப்பத்துநான்கு வருடம் பேஸ்பால் கோச்சாக இருந்தார். அதில் பத்தொன்பது வருடம் நான் அவருக்கு உதவியாளன். ஆட்டம் நடக்கும்போது, ஆட்டக்காரர்கள் ஓடிச் சேரும் மூலைகளான பேஸ்களில், அவர் மூன்றாம் பேஸ் பக்கம் நிற்பார், நான் முதல் பேஸ் பக்கம். தெற்கு டகோட்டா காற்றில் மே மாதத்திலும் காது மரத்துப்போகும். மனிதர் காதை மூட மாட்டார். சைகைக்கு வேண்டும் என்பார்.

மூக்கு, முழங்கை, தொப்பி, காது என்று எங்கெங்கோ தொடுவார். எல்லாம் கண்கட்டு. பெல்ட்டைத் தொட்டபின் எதைத் தொடுகிறாரோ அதுதான் உத்தரவு. காது என்றால் அடுத்த பேஸுக்கு ஓடு. தொப்பி என்றால் பேட்டர் பந்தை மெல்லத் தட்டிவிட வேண்டும், மூன்றாம் பேஸில் இருப்பவன் ஓட்டம் எடுக்கக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே ஓடி வர வேண்டும். மற்ற கோச்சுகள் சைகையை அடிக்கடி மாற்றுவார்கள். இவர் ஒரு தடவைகூட மாற்றியதில்லை. காரணம், செப்டம்பரில் நடக்கும் பழைய மாணவர் ஆட்டம். தொந்தி விழுந்த பல் டாக்டரும் பன்றிப் பண்ணைக்காரரும், அவர் காதைத் தொட்டதும் மூச்சிரைக்க ஓடுவார்கள். இவருக்குக் கண் கலங்கிவிடும்.

"மாத்தினா அவனுங்க எப்படிடா திரும்பி வந்து ஆடுவானுங்க?" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அந்தப் பழைய மாணவர்களில் அவருக்குச் செல்லம் கர்ட் ப்ரூனிங். நாலு வருடம் எங்கள் கேட்சர், அதாவது பேட்டருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவன். அப்பன் வீட்டை விட்டுத் துரத்திய குளிர்காலம் முழுக்க கோச் வீட்டில்தான் சாப்பாடு, தூக்கம். நாற்பது மைல் தள்ளி இன்னொரு கல்லூரியில் கோச் வேலை காலியானபோது, போன் மேல் போன் போட்டு அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் இவர்தான்.

இந்த வருடம் புதிதாக வந்த விளையாட்டுத் துறைத் தலைவர் ஒரு நிபந்தனை போட்டார். எட்டு அணிகளில் முதல் நான்குக்குள் வந்தால் வெண்டலுக்கு இன்னொரு வருடம். இல்லையென்றால் கேக் வெட்டி வழியனுப்பு. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் நான்காம் இடம் என்று வந்து நின்றது. எதிரணி கர்ட்டுடையது.

அன்று கோச் பெல்ட்டைத் தொட்டுக் காதைத் தொட்டார். எங்கள் பையன் ஓடினான். பந்து வீசும் அவர்கள் பிட்சர் பந்தை வேண்டுமென்றே தள்ளிப் போட, கேட்சர் எழுந்து நின்று வாங்கி எறிந்தான். அவுட். இரண்டாம் தடவையும் அச்சு அசலாக அதே. அவர்கள் பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான்.

"என்ன பெருசு, பெல்ட்டு லூசாயிருச்சா? சும்மா சும்மா தடவுறீங்க."

இடைவேளையில் ஓடிப் போய்ச் சொன்னேன்.

"கோச், அவங்களுக்கு எல்லாம் தெரியுது. சைகைய மாத்துங்க."

"யாரு சொல்லிக் கொடுத்தாங்கிற?"

"கர்ட்தான். வேற யாரு?"

"பெஞ்சுல உக்காந்து அவங்களே பாத்துக் கண்டுபிடிச்சா அது ஆட்டம், லைல். எங்கிட்ட படிச்சத எம்மேலயே காட்டுறவன் இல்ல அவன். போன வாரம்கூட போன் பண்ணி எனக்காக அழாத குறையா பேசினான். போய் உன் இடத்துல நில்லு."

கடைசிச் சுற்று. ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தோம். மூன்றாம் பேஸில் எங்கள் ஆள், ஒரு அவுட். கோச் பெல்ட்டைத் தொட்டார், தொப்பியைத் தொட்டார். பந்து பேட்டுக்கு எட்டாத தூரத்தில் போனது. பாதி வழியில் எங்கள் பையன் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான். அவனைத் தொட்டு அவுட் ஆக்கினார்கள். அடுத்து பேட்டரும் அவுட். மூன்று அவுட்டோடு கதை முடிந்தது.

கை குலுக்கும் வரிசையில் கர்ட் வந்தான். கோச் அவன் கையை விடவில்லை.

"நீயாடா?"

"நீங்க மாத்தியிருக்கலாமே, கோச்."

திங்கட்கிழமை கல்லூரி புதிய கோச்சின் பெயரை அறிவித்தது. கர்ட் ப்ரூனிங். மார்ச் மாதமே பேசி முடித்திருந்தார்கள். வெண்டல் தோற்றால் அவனுக்கு வேலை. மைதானத்தில் மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்தவரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். பந்து வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். "மார்ச்லயேவா?" என்று மூன்று தடவை கேட்டார்.

கர்ட்டைத் துரோகி என்று ஊரெல்லாம் சொன்ன வாய் இது. மறுநாள் அவன் எனக்கு போன் செய்தான். "லைல், நீங்க இருக்கணும். முதல் பேஸ் உங்களுதுதான்." வண்டை வண்டையாகத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். நான் இங்கே வேலையில் இருக்கும்வரைதான் என் மகளுக்கு இலவசப் படிப்பு, இன்னும் இரண்டு வருடம் பாக்கி. சரி என்று சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை கோச் அறையைக் காலி செய்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வண்டி வரை போனேன்.

"நீ என்ன பண்ணப் போற? மினசோட்டாவுல எனக்கு ஆள் தெரியும். நாளைக்கே பேசறேன்."

"வேணாம் கோச்."

"ஏன்டா, கூச்சப்படாத. உன்ன நடுத்தெருவுல விட்டுட்டுப் போவேனா?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் என் பக்கம் கையை நீட்டினார்.

"அந்தப் பெட்டியக் குடு," என்றார். "நானே வச்சுக்கறேன்."