கடலைப் பார்த்த ஈர்க்கு மீன்

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, புத்தளத்தில் என் பேரன் படிக்கும் பாடசாலையில் ஒரு கண்காட்சி நடந்தது. பார்வையாளர்களுக்கென்று பன்னிரண்டு புதிர்களை மேசைகளில் பரப்பியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டுக்கும் பக்கத்திலேயே விடையையும் ஒட்டியிருந்தார்கள். விடையை ஒட்டிவிட்டுப் புதிர் எதற்கு என்று ஒரு பையனிடம் கேட்டேன்.

“அப்பதான் தாத்தா எல்லாரும் சந்தோஷமாப் போவாங்க” என்றான்.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அதே சண்டையைப் பத்து வயதில் நானும் போட்டுத் தோற்றிருக்கிறேன்.

அப்போது நாங்கள் உடப்புக்கு அருகே ஒரு கடற்கரைக் கிராமத்தில் இருந்தோம். எங்கள் பாடசாலையின் ஓலை மண்டபத்துக்கு இரண்டு வாசல்கள். ஒன்று கடலைப் பார்க்கும், மற்றது தெருவை. கண்காட்சி இரண்டு நாள். உள்ளே வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு புளியங்கொட்டை கொடுப்பார்கள். சுற்றிப் பார்த்துவிட்டு, பிடித்த வகுப்பின் டின்னில் அதைப் போட வேண்டும். கொட்டை அதிகம் சேர்ந்த வகுப்புக்குக் கொழும்பு மிருகக்காட்சிசாலைக்குப் பயணம். யானை எங்கள் பக்கத்துக் காடுகளிலேயே உண்டு. அதற்காக யாரும் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. எனக்கு ஒட்டகச்சிவிங்கி வேண்டியிருந்தது. எங்கள் பாடப்புத்தகத்தில் அதன் தலை இருந்த மூலையை யாரோ கிழித்துவிட்டிருந்தார்கள். நாலு காலும் நீண்ட கழுத்தும் தெரியும். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

வகுப்பு டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து அந்த வருடந்தான் வந்திருந்தார். வருகிறவர்கள் எங்கள் மேசையில் வைக்கும் சிப்பியையும் உப்பையும் எட்டிப் பார்த்துவிட்டு நடந்துவிடாமலிருக்க, கையால் செய்து பார்க்கும் புதிர் ஒன்று வைக்கலாம் என்றார். அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். அம்மாவின் புது விளக்குமாற்றிலிருந்து எட்டு ஈர்க்குகளை உருவி, அடிமட்டம் வைத்து ஒரே அளவாக வெட்டினேன். எட்டையும் அடுக்கினால் ஒரு மீன். மூன்றை மட்டும் இடம் மாற்றினால் அது எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். கண்காட்சிக்கு முந்திய இரவு வீட்டுத் தரையில் அதை அடுக்கிப் பார்த்தபோது, அம்மாவின் தம்பி பக்கத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமாவுக்கு மீன்வாடியில் கிழிந்த வலை பொத்துகிற வேலை. வலது கையால் பாண் ரொட்டியைக் கறியில் தோய்த்தபடியே இடது கையால் மூன்று ஈர்க்குகளை மாற்றி மீனைத் திருப்பிவிட்டு, “இவ்வளவுதானா மருமோன்?” என்றார். நான் ஈர்க்குகளை வெடுக்கென்று அள்ளிக்கொண்டேன்.

ஆனால் மற்றவர்களிடம் புதிர் நின்று பிடித்தது. மீனின் தலையைக் கடல் வாசலுக்கு நேராக வைத்து, ‘மூன்று ஈர்க்குகளுக்கு மேல் தொடாமல் மீனைக் கரைப்பக்கம் திருப்புக’ என்று அட்டையில் எழுதி வைத்தேன். முதல் நாள் முழுவதும் ஒருவராலும் முடியவில்லை. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்னேரம் டின்னைக் கவிழ்த்தோம். ஒன்பது கொட்டைகள். அடுத்த மேசையில் களிமண்ணில் கலங்கரை வெளிச்சவீடு செய்து வைத்திருந்தவர்களின் டின் நிரம்பியிருந்தது.

“ஒரு ஆளுக்கெண்டாலும் விடை வர வேணாமா?” என்றார் டீச்சர். “முதல் ஈர்க்கையாவது காட்டிக் குடுவன்.”

“காட்டினா அது புதிர் இல்ல டீச்சர்.”

அன்றிரவு எனக்குக் கழுத்து மட்டுமுள்ள ஒட்டகச்சிவிங்கிகள் கனவில் வந்தன.

இரண்டாம் நாள் காலையில் கரைவலைச் சம்மாட்டி தன் ஆட்களோடு வந்தார். ஊரின் பெரிய வலை அவருடையது. மேசையைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

“என்னடா தம்பி இது? மீன் கடலுக்குப் போகுது!”

“அதைத்தான் திருப்போணும். மூண்டு ஈர்க்கு மட்டுந்தான் தொடலாம்.”

“மூண்டும் வேணாம், ஒண்டும் வேணாம். பிடிங்கடா!”

ஆறு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, “ஏலேலோ” என்று பாடியபடி மேசையையே தூக்கினார்கள். சிப்பி ஒன்றுகூட உருளவில்லை. அப்படியே சுற்றி, மீனின் தலை தெருவைப் பார்க்க இறக்கி வைத்தார்கள். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. “இது பிழை, இது பிழை” என்று நான் கத்தினேன். சம்மாட்டி அட்டையை யாரையோ கொண்டு வாசிக்க வைத்துக் கேட்டார். “மூண்டுக்கு மேல தொடாதே எண்டுதானே எழுதியிருக்கு? நாங்க ஒண்டையும் தொடல்லயே!” அவர்கள் ஏழு பேரின் கொட்டைகளும் எங்கள் டின்னில் விழுந்தன. விதியை மீறியவர்கள் ஏன் கொட்டை போடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

மத்தியானம் மாமா வந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய் வழிந்தது. மேசை முன் நின்று ஈர்க்குகளை அங்குமிங்கும் மாற்றத் தொடங்கினார்.

“டீச்சர், இது நண்டாப் போச்சே.”

“இன்னொருக்காப் பாருங்கோ.”

“இப்ப நாலு கால் கதிரை மாதிரி வருது டீச்சர். நீங்க கொஞ்சம் காட்டித் தாங்க.”

டீச்சர் சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தார். நான் வெட்கத்தில் செத்தேன். “மாமா, முந்தநாள் ஒரே கையால செஞ்சீங்களே!” என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். “வாயைப் பொத்து” என்று பல்லைக் கடித்தபடி என் தொடையில் கிள்ளினார்.

வளர்ந்த மனிதர் ஒருவர் எட்டு ஈர்க்குகளோடு படும் பாட்டைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. “தள்ளு, நான் காட்டுறன்” என்று ஒருவர் புகுந்தார். அவர் தடுமாற, இன்னொருவர் பிழை சொன்னார். மாமாவின் பிழைகளைப் பார்த்துப் பார்த்தே சிலர் சரியான விடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்தவர்கள் மாமாவின் முதுகில் தட்டிவிட்டு, டின்னில் சத்தம் கேட்கும்படி கொட்டையைப் போட்டுப் போனார்கள். என் புதிரின் மானம் போய்க்கொண்டிருந்தது, டின் நிரம்பிக்கொண்டிருந்தது. கடைசி மணி அடிக்கும்வரை மாமாவுக்கு மட்டும் விடை வரவேயில்லை.

இருநூற்றுப் பதினெட்டு. வெளிச்சவீட்டைவிட ஐந்து அதிகம்.

சிலாபத்திலிருந்து கொழும்புக்கு ரயிலில் போனோம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர் ஒருவர் வேண்டும் என்று மாமாவும் வந்தார். ஒட்டகச்சிவிங்கிக்குத் தலை இருந்தது. நான் நினைத்ததைவிடச் சின்னது, இரண்டு குட்டிக் கொம்புகளுடன். வேலியைப் பிடித்துக்கொண்டு வாய் திறந்து நின்றேன். மாமா தோளில் கை வைத்தார்.

“மருமோன், உனக்குத்தான் எண்ணிறது கைவந்தது. அதின்ட உடம்பில எத்தினை புள்ளி எண்டு எண்ணிச் சொல்லு.”

மற்றப் பிள்ளைகள் குரங்குகளிடம் ஓடிவிட்டார்கள். நான் எண்ணினேன். அறுபது தாண்டியதும் அது திரும்பி நின்றது. மரத்தடி வாங்குப் பலகையில் டீச்சரோடு கதைத்துக்கொண்டிருந்த மாமாவிடம் ஓடிப்போய், கணக்குக் குழம்பிவிட்டது என்றேன்.

“அப்ப முதல்ல இருந்து எண்ணு” என்றார்.

அன்று நாலு தடவை முதலிலிருந்து எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்ச் சொன்னபோது டீச்சரும், “கவனமா எண்ணு, அவசரமில்லை” என்றார். ஒரு மிருகத்தின் புள்ளிகளில் இந்த இரண்டு பெரியவர்களுக்கும் இவ்வளவு அக்கறையா என்று எனக்கு ஒரே பெருமை.